நாளைக்கு சார்

நகராட்சி அலுவலகத்தின் நான்காம் எண் கவுண்ட்டரில் இருபத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருந்த குமாஸ்தாவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. ஊருக்கெல்லாம் அவர் நாளைக்கு சார்.

பிறப்பு, இறப்பு, இருப்பிடம், வாரிசு என்று மனிதனுக்கு எந்தச் சான்றிதழ் வேண்டுமானாலும் அந்தக் கண்ணாடித் தடுப்பின் அரைவட்ட ஓட்டைக்குள் மனுவை நீட்டியாக வேண்டும். நாளைக்கு சார் மனுவை வாங்குவார், மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்குவார், கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு வாசிப்பார். குறை கண்டுபிடிக்க அதுதான் வசதி. சாட்சியின் கையெழுத்து கோட்டுக்கு மேலே ஏறியிருக்கும். நகல் ஒன்று குறையும். ஒன்றுமே குறையாவிட்டால் முத்திரை மை காய்ந்துபோயிருக்கும். "நாளைக்கு வாங்க" என்பார். குரலில் கோபமும் இருக்காது, எரிச்சலும் இருக்காது. வந்தவர்களுடைய நல்லதுக்குச் சொல்வதுபோலச் சொல்வார். அவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள், மறுநாள் வருவார்கள். செருப்புத் தேய நடந்து, நடந்த களைப்பிலேயே செத்துப்போனவர்களும் உண்டு.

லஞ்சம் வாங்குகிறவர் என்று மட்டும் அவரைச் சொல்லிவிட முடியாது. வாங்கினால் வேலையைச் செய்து தொலைக்க வேண்டியிருக்குமே! அவருக்கு இருந்தது பயம். போட்ட கையெழுத்து என்றைக்காவது திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கும், போடாத கையெழுத்தால் மாட்டிக்கொண்டவன் எவனுமில்லை என்று வேலையில் சேர்ந்த புதிதில் யாரோ காதில் ஓதியதை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

வீட்டிலும் இதே கதைதான். பிள்ளைகள் இல்லை. மனைவியும் அவரும் மட்டும். "ஏங்க, மாடி ரூம் ஒழுகுதுங்க" என்பாள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்பார். அவள் சண்டை பிடிக்கிற ரகம் இல்லை. ஒழுகுகிற இடத்தில் ஒரு வாளியை வைத்துவிட்டுப் போய்விடுவாள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்தவள் மடித்த துணி மேலேயே சாய்ந்தாள். எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமை ஏதோ அரசு விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நாளைக்கு சார் தன் நாற்காலியில் இருந்தார். என்ன கடமை உணர்ச்சி என்று அலுவலகம் வாயைப் பிளந்தது. கடமையுமில்லை, உணர்ச்சியுமில்லை. அந்த வீட்டில் தனியாக உட்கார அவருக்கு முடியவில்லை, அவ்வளவுதான்.

செத்தவர்கள் எழுந்தது ஒரு திங்கட்கிழமை, பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால். அலுவலக நேரம் பார்த்துத்தான் எழுந்தார்கள். ஊரிலிருந்த மூன்று இடுகாடுகளிலும் மண் பிளந்தது. பழைய பிணங்கள், புதுப் பிணங்கள், முகம் இருக்கிறவர்கள், பாதி முகமே இருக்கிறவர்கள் எல்லாரும் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். சிலர் நேராகத் தங்கள் வீட்டுக்குப் போய், அலறுகிற மகனையும் மருமகளையும் ஒதுக்கித் தள்ளி, பீரோவைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். ராணுவத்தைக் கூப்பிடுவதா, சாமியாரைக் கூப்பிடுவதா என்று ஆட்சியாளர்கள் கூட்டம் போட்டு முடிப்பதற்குள் அத்தனை பேரும் அரசு அலுவலகங்களின் வாசலில் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

என்ன ஒழுங்கு! உயிரோடு இருந்த காலத்தில் முண்டியடித்தவர்கள் இப்போது முழங்கை இடிக்காமல் நின்றார்கள். யாரையும் கடிக்கவில்லை. நகராட்சி வாசலில் ஒரு புரோக்கர், வழக்கம்போல "உள்ளே நமக்கு ஆள் இருக்கு" என்று சொல்லிக்கொண்டு வரிசையின் குறுக்கே புகுந்தான். அவனுடைய கைப்பை மட்டும் மிஞ்சியது. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பக்கத்துத் தெருவின் மின்சார அலுவலகத்தில், பழக்கதோஷத்தில், "மூடப்பட்டது" என்ற பலகையைக் கவுண்ட்டரில் வைத்தார்கள். அங்கே வேலை பார்த்தவர்களில் ஒன்பது பேர் மறுநாள் வரிசையிலேயே நின்றார்கள்.

அதே ஐந்து மணிக்கு நான்காம் எண் கவுண்ட்டரில் எதுவும் நடக்கவில்லை. நாளைக்கு சாருக்கு எழுந்து ஓடிவிட வேண்டும்போலத்தான் இருந்தது. ஆனாலும் வாய் தன் பாட்டுக்கு வேலையைச் செய்தது. "நாளைக்கு வாங்க" என்றார். முன்னால் நின்ற பிணம் தலையை ஆட்டியது. திரும்பியது. அதன் பின்னால் நின்ற நூற்றுக்கணக்கான பிணங்களும் திரும்பி, வந்த வழியே இடுகாட்டுக்கு நடந்தன. மறுநாள் காலை, ஒருவர் இடம் மாறாமல், அதே வரிசையில் வந்து நின்றன.

அவ்வளவுதான், நாளைக்கு சார் ஒரே வாரத்தில் பெரிய ஆளாகிவிட்டார். ஆணையர் சால்வைக்குப் பதில் தன் கையாலேயே அவர் தோளைத் தட்டினார். அவர் குரலைப் பதிவு செய்து ஊரிலுள்ள எல்லா அலுவலகங்களிலும் ஐந்து மணிக்கு ஒலிபரப்பினார்கள். இருபத்தொன்பது வருடம் அவரைச் சபித்த வாய்களெல்லாம் இப்போது அவர் தெருவில் போனால் வணக்கம் சொல்லின. என்ன இருந்தாலும் அனுபவம் அனுபவம்தான் என்று பேசிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு தவறு நடந்தது. முன்னால் நின்றது ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரின் பிணம். ஆறு வருடம் முன்பு இருப்பிடச் சான்றிதழ் கேட்டவர். நாளைக்கு சார் கொட்டாவி விட்டபடியே முத்திரையை எடுத்து எங்கேயோ குத்தப்போய், அது சரியாக மனுவின் மேலேயே விழுந்துவிட்டது. யாரோ அன்று காலை மையும் ஊற்றித் தொலைத்திருந்தார்கள். பளிச்சென்று பதிந்தது. வேறு வழியில்லாமல் ஓரத்தில் கையெழுத்தைப் போட்டுக் காகிதத்தை வெளியே தள்ளினார். வாத்தியார் அதைப் பார்த்தார். நான்காக மடித்தார். பிறகு அங்கேயே தரையில், சுவர் ஓரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் படுத்துவிட்டார். இந்த முறை அவர் எழுந்திருக்கவில்லை.

நாளைக்கு சார் மாடிக்கு ஓடினார். சூப்பரின்டெண்ட் தன் அறையில் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு வசித்துவந்தார். செத்தவர்கள் எழுந்த நாள் முதல் அவர் வெளியே தலைகாட்டவில்லை. கதவு வழியாகத்தான் நிர்வாகம்.

"சார், ஒரு விஷயம். வேலையை முடிச்சுக் குடுத்துட்டா அவங்க படுத்துடறாங்க சார்."

"எந்த வேலையை?"

"அவங்க கேட்ட வேலையைத்தான். சீல் போட்டுக் குடுத்தேன், படுத்துட்டாரு."

உள்ளே நாற்காலி நகர்ந்து, செருப்புச் சத்தம் கதவுவரை வந்தது. அப்புறம் சூப்பரின்டெண்ட் தாழ்ந்த குரலில் சொன்னார். "யோவ், இதை வெளியில சொல்லிடாதய்யா. செத்தவனுக்கு ஒரு வாரத்துல முடிச்சுக் குடுத்தோம்னு தெரிஞ்சா உயிரோட இருக்கறவன் நம்மளைச் சும்மா விடுவானா? வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு எல்லாத்தையும் கொளுத்திடறதா மேலிடத்துல முடிவாயிடுச்சு. அதுவரைக்கும் உன் வார்த்தையைச் சொல்லிக்கிட்டே இரு, போதும்."

கொளுத்துகிற வேலை தீயணைப்புத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. தண்ணீர் இருந்த வண்டிகளில் எண்ணெய் நிரப்பினார்கள். இதுவரை அணைத்துத்தான் பழக்கம், பற்றவைத்துப் பழக்கமில்லை என்று அவர்கள் எழுத்து மூலமாகத் தெரிவித்ததற்கு, பழகிக்கொள்ளவும் என்று பதில் வந்தது.

நாளைக்கு சாருக்கு இதில் ஆட்சேபணை ஒன்றும் இல்லை. எவன் எரிந்தால் என்ன என்றுதான் இருந்தார். செவ்வாய்க்கிழமை காலை சைக்கிளை நிறுத்த இடமில்லாமல் பின்வாசல் பக்கம் சுற்றிக்கொண்டு போனார். வரிசையின் வால் அங்கே வளைந்து நின்றது. அந்த வாலில், மதில் ஓரமாக, நெற்றியில் அந்த ஒரு கற்றை நரையோடு, அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

சைக்கிள் கீழே விழுந்தது. "ஏம்மா" என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. முன்னால் நின்ற பிணத்தின் முதுகையே பார்த்தாள். கையில் ஒரு காகிதம். அவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். சில்லென்ற கை, அசையவில்லை. காகிதத்தையாவது வாங்கிவிடலாம் என்று விரல்களைப் பிரித்தபோது வரிசை முழுக்க ஓர் உறுமல் எழுந்தது. முன்னால் நின்ற தடியன் பாய்ந்து அவர் சட்டைக் கையைக் கவ்விக் கிழித்தான்.

பின்னாலிருந்து அவரை இழுத்துக் காப்பாற்றியது பதிவேட்டு அறை அக்கா. முப்பது வருடம் அழுக்குக் கோப்புகளுக்கு நடுவில் வாழ்ந்த அந்த அம்மாவுக்குப் பிணம், பேய் எதற்கும் பயமில்லை.

"சாருக்குப் புத்தி கெட்டுப்போச்சா? நடுவுல போய் வாங்கினா குறுக்கே பூந்த மாதிரிதானே? மென்னு துப்பிடுவாங்க."

"அது என் சம்சாரம்மா."

அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் வாலிலிருந்து தலை வரைக்கும் விரல் விட்டு எண்ணிக்கொண்டே நடந்து, திரும்பி வந்தாள். "முன்னாடி நானூத்திப் பதினோரு பேரு. அத்தனை பேரையும் முடிச்சு அனுப்புங்க. அம்மா தானா வந்து உங்க முன்னாடி நிப்பாங்க. வியாழக்கிழமை அஞ்சு மணிக்குள்ள முடிச்சாகணும்."

மூன்று நாள், இருபத்தொரு மணி நேரம். ஒரு மனுவுக்கு மூன்று நிமிடம். போன மாதம் வரைக்கும் ஒரு மனுவுக்கு அவருக்கு மூன்று மாதம் போதாது.

முதல் மனுவுக்கு முத்திரையை எடுத்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். இருபத்தொன்பது வருடத்துப் பயம் ஒரே நாளில் போய்விடுமா? வாரிசுச் சான்றிதழ். சாட்சி கையெழுத்து கோட்டுக்கு மேலே ஏறியிருந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி முத்திரையைக் குத்தினார். ஒன்றும் இடிந்து விழவில்லை. அந்தப் பிணம் மட்டும் மெதுவாகப் படுத்தது.

அதற்கப்புறம் அந்தக் கவுண்ட்டரில் நடந்ததை நகராட்சி அதன் பிறப்பிலிருந்து கண்டதில்லை. அக்கா பதிவேடுகளைத் தலையில் சுமந்துவந்து கொட்டினாள். பக்கம் புரட்டினாள். நாடா கட்டினாள். அவர் எழுதினார், குத்தினார், நீட்டினார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் நின்றுகொண்டே சாப்பிட்டார். படுத்தவர்களை ஓரமாக அடுக்க ஆள் போதவில்லை. ஒவ்வொரு காகிதத்தையும் அவர் இப்போதுதான் முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். ஒருத்திக்கு மகனின் பிறப்புச் சான்றிதழ். பள்ளியில் சேர்க்கக் கேட்டிருந்தாள். அந்த மகனே பின்னால் பத்தாவது ஆளாக, தாடி மீசையோடு நின்றான். ஒரு கிழவர் தன் மனைவியின் இறப்பைப் பதியக் கேட்டிருந்தார். பதியாததால் அந்த அம்மா அலுவலகக் கணக்கில் இன்னும் உயிரோடிருந்தாள். ஒவ்வொன்றிலும் மூலையில் அவருடைய எழுத்திலேயே "நாளை" என்று இருந்தது. சிலதில் பதினாறு தடவை இருந்தது. அவர் வெட்கப்பட்டார். வெட்கப்படுவதற்கும் நேரமில்லை, ஒரு மனுவுக்கு மூன்று நிமிடம்தான்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் முன்வாசல் படிக்கு வந்திருந்தாள். ஐந்து மணிக்கு ஒலிபெருக்கி அவர் குரலில் நாளைக்கு வரச் சொன்னபோது, அவளும் மற்றவர்களோடு திரும்பி இடுகாட்டுக்கு நடந்தாள். நாளைக்கு சார் படியில் நின்று தன் குரலைத் தானே கேட்டார். அதைப் பிடித்து நெரிக்க வேண்டும்போல இருந்தது.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு எண்ணெய் வண்டிகள் வளாகத்துக்குள் வந்தன. நான்கு மணி பத்து நிமிடத்துக்கு நானூற்றுப் பதினோராவது ஆள், அவருடைய சட்டையைக் கிழித்த தடியன், தண்ணீர் இணைப்புக்கான சான்றை வாங்கிக்கொண்டு பூனைபோலச் சுருண்டு படுத்தான். அடுத்து அவள் நின்றாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவர்.

அவள் காகிதத்தை ஓட்டைக்குள் நீட்டினாள்.

ஆஸ்பத்திரிச் சீட்டாக இருக்கும் என்றுதான் மூன்று நாளாகப் பயந்துகொண்டிருந்தார். மார்வலி என்று சொல்லியிருப்பாளோ, தான் கேட்காமல் விட்டிருப்போமோ என்று நினைத்து நினைத்து மாய்ந்திருந்தார். அது ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லை. அவர் அலுவலகத்தின் அச்சடித்த விடுப்பு விண்ணப்பம்தான். அவருடைய பையிலிருந்தே எடுத்திருக்க வேண்டும். விண்ணப்பதாரர் பெயர் என்ற இடத்தில் அவர் பெயரை அவளுடைய உருண்டை எழுத்தில் எழுதியிருந்தாள். பதவி, பிரிவு, கவுண்ட்டர் எண்கூட விடவில்லை. நாட்கள்: ஒன்று. தேதி: உங்கள் வசதிப்படி. காரணம்: நேரில் சொல்கிறேன்.

கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

இருபத்தொன்பது வருடத்தில் ஒரு நாள் லீவு எடுத்ததில்லை என்பதை அவர் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது அந்த நானூற்றுப் பதினோரு பேருக்கும் செய்யாத ஒன்றை அவளுக்குச் செய்தார். காகிதத்தை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அழுதபடியே கையெழுத்துப் போட்டார். அவள் படுக்கவில்லை. அப்படியே நின்றாள்.

"மேலதிகாரி சாங்ஷன் பண்ணணுமே சார்" என்று அக்கா மெதுவாகச் சொன்னாள்.

அவர் இன்டர்காமை எடுத்தார். அது பழைய கருவி, பேசினால் அறை முழுக்கக் கேட்கும்.

"சார், எனக்கு நாளைக்கு ஒரு நாள் லீவு வேணும்."

"யோவ், இன்னும் அரை மணி நேரத்துல ஊரே பத்தி எரியப்போவுது, உனக்கு லீவு கேக்குதா? நாளைக்குப் பார்க்கலாம்யா."

அந்த வார்த்தை அறை முழுக்கக் கேட்டது. அவள் தலையை ஆட்டினாள். இருபத்தேழு வருடம் வீட்டில் ஆட்டிய அதே தலையாட்டல். திரும்பினாள். வாசலைப் பார்த்து, எண்ணெய் வண்டிகள் நின்ற பக்கமாக நடந்தாள்.

நாளைக்கு சார் கவுண்ட்டர் மேசை மேலேயே ஏறி, கண்ணாடித் தடுப்பைத் தாண்டிக் குதித்தார். மைக் குப்பி கவிழ்ந்தது. "வேணாம்மா, நாளைக்கு இல்லை! இன்னைக்கே! இன்னைக்கே!" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தார். அவள் நின்றாள். இந்த முறை அவர் இழுத்ததும் கூடவே வந்தாள். சாங்ஷன் ஆகாத லீவில், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, வேலை நேரம் முடிய முப்பத்தைந்து நிமிடம் இருக்கும்போதே, நாளைக்கு சார் அலுவலகத்தை விட்டு வெளியேறினார்.

பின்னால் இன்னும் பத்தொன்பது பேர் இருந்தார்கள். அவருடைய நாற்காலியில் பதிவேட்டு அறை அக்கா உட்கார்ந்தாள். ஐந்து மணிக்குத் தீயணைப்பு அதிகாரி உத்தரவைக் காட்டி வழிவிடச் சொன்னபோது, அவள் அதை வாங்கிக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்து, ரவுண்டு சீல் இல்லையே, நாளைக்கு வாங்க என்று திருப்பிக் கொடுத்தாள். அவர் மறுநாள் சீலோடு வந்தபோது கொளுத்துவதற்கு அங்கே யாரும் நிற்கவில்லை. திட்டம் முழு வெற்றி என்று ஆணையர் அறிக்கை விட்டார். சொல்லாமல் கொள்ளாமல் இருக்கையை விட்டுப் போனதற்கு நாளைக்கு சாரிடம் விளக்கம் கேட்டு ஒரு மெமோவும் தயாரானது.

அந்த வெள்ளிக்கிழமையை அவர் வீட்டில் கழித்தார். காலை பத்து மணிக்குக் கால்கள் தாமாகச் செருப்பைத் தேடின. அதட்டி உட்காரவைத்தார். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரில் இன்னொரு நாற்காலியைப் போட்டு, முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தார்.

"சொல்லும்மா. நேர்ல சொல்றேன்னு எழுதியிருந்தியே, சொல்லு."

செத்தவர்கள் பேசுவதில்லை. அது தெரிந்தும் அவர் கேட்டார். "மாடி ரூம் ஒழுகுதே, அதுவா? உன் தங்கச்சி வீட்டுக்குப் போகணும்னியே, அதா? என் மேல கோவமா? திட்டணும்னா திட்டேன்." எதற்கும் அவள் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. மத்தியானம் வரைக்கும் தனக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டுப் பார்த்தார். தெரிந்தது ரொம்பக் கொஞ்சம்தான் என்பது அப்போது தெரிந்தது. அதற்குமேல் கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் எழுந்தாள். உள்ளே போய்க் கட்டிலில், தன் பக்கத்தில், சுவரைப் பார்த்துப் படுத்தாள். நாளைக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் எழுந்து போய்விட்டு நாளைக்கு வருவாள், அடுத்த நாளும் வருவாள், அவர் சாகிற வரைக்கும் வருவாள். அந்த வார்த்தை அவர் தொண்டைக்கு வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை விழுங்கினார். போர்வையை இழுத்து அவள் தோள் வரைக்கும் போர்த்திவிட்டார். "சரி, தூங்கு" என்றார்.

திங்கட்கிழமை மெமோவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தார். காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அந்த ஒரு நாளை அவள் எதற்குக் கேட்டாள் என்று அவருக்குத் தெரியவில்லை.